காலத்தோடு நடப்போம்: கணினிக்குள் ஒரு கணினி



இம்முறை வந்த கடிதங்களுள் ஒரு தாயார் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது அவருக்கு மட்டும் உரிய ஐயம் அன்று. கணினி படிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் பலருக்கும் உரியது. அவர் பால்வெட்டுக்குப் போகிறவர். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கடிதத்தை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

"ஐயா, என் மகன் பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு இராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறான். என்னடா செய்கிறாய் என்று கேட்டால், 'கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கி, அதற்குள்ளே ஆப்பரேட்டிங் சிஸ்டம் இமேஜ் கட்டுகிறேன் அம்மா' என்கிறான். கட்டி முடிந்ததும் அந்த உள் கணினியை அழித்துவிடுகிறான். மறுநாள் திரும்பவும் உண்டாக்குகிறான். கட்டுவதும் அழிப்பதும் ஒரு படிப்பா? இவன் உருப்படுவானா?"

அம்மா, உங்கள் மகன் விளையாடவில்லை. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் சில, கோடிக்கணக்கில் பணத்தையும் பேரையும் இழந்த பிறகு கற்றுக்கொண்ட பாடத்தை அவன் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறான். அது என்ன பாடம் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இயங்குதளமும் அதன் படிமமும்

கடையிலிருந்து வரும் கணினி வெறும் இரும்பும் கண்ணாடியும்தான். ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். நிலம் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆலை இருக்கிறது. ஆனால் காலையில் பெரட்டு எடுத்து, இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுத்து, யார் எந்த ஸ்டோருக்குள் போகலாம் என்று கணக்கு வைக்க ஆளில்லை என்றால் ஒரு வாளிப் பால்கூட ஆலைக்கு வந்து சேராது. கணினிக்குள் அந்த நிர்வாகத்தைச் செய்வதுதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று வழங்கும் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு எல்லாம் அந்த வகைதான்.

இந்த இயங்குதளத்தை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக உட்கார்ந்து நிறுவுவது நெடுநேர வேலை. ஆகவே ஒரு வட்டில் என்னென்ன எந்தெந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, அத்தனையையும் அப்படியே அச்சுப்போல ஒரே கோப்பில் அடக்கி வைக்கிறார்கள். அந்தக் கோப்பைத்தான் இமேஜ் என்கிறார்கள். தமிழில் படிமம் எனலாம். ஒரு படிமத்தை நூறு கணினிகளில் ஏற்றினால் நூறும் ஒரே மாதிரி விழித்தெழும்.

பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு இது புதிதன்று. விதை போட்டு முளைத்த கன்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆனால் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகத்தில் ஒட்டுக்கட்டிய கன்றுகள், ஆயிரம் ஏக்கரில் நட்டாலும் ஒரே தாய்மரத்தின் மறுபிறவிகள். தாய்க்குள்ள குணம் எல்லாவற்றுக்கும் உண்டு. தாய்க்குள்ள குறையும் அப்படியே எல்லாவற்றுக்கும் உண்டு.

படிமத்தின் பலமும் இதுதான், ஆபத்தும் இதுதான். ஒரு படிமத்தில் ஒரு துளி நஞ்சு கலந்தால், அதை ஏற்றிய கணினிகள் அனைத்திலும் அந்த நஞ்சு இருக்கும். ஆகையினால், படிமம் எங்கே கட்டப்படுகிறது, எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்பது, குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்பதைப் போன்றது.

பட்டறையில் ஒளிந்திருந்த திருடன்

இது கற்பனைப் பயம் அன்று. நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சோலார்விண்ட்ஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. பெரிய அலுவலகங்களின் கணினி வலைகளைக் கண்காணிக்கும் ஓரியன் என்ற மென்பொருளை விற்று வந்தது. அரசாங்க இலாகாக்கள் முதல் பெரிய கம்பெனிகள் வரை அதன் வாடிக்கையாளர்கள். 2019-ஆம் ஆண்டிலேயே திருடர்கள் அந்நிறுவனத்தின் வலைக்குள் புகுந்துவிட்டார்கள். புகுந்தவர்கள் பணத்தை எடுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மென்பொருளைத் தொகுத்துக் கட்டும் கணினியில் ஒரு சிறு நிரலை ஒளித்து வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் இருந்தார்கள்.

அந்த ஒளிந்த நிரல் என்ன செய்தது தெரியுமா? ஓரியனைத் தொகுக்கும் வேலை தொடங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தது. தொடங்கியதும் மூலக் கோப்புகளில் ஒன்றை எடுத்துவிட்டு, நஞ்சு கலந்த கோப்பை அந்த இடத்தில் வைத்தது. வேலை முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிட்டது. மறுநாள் காலையில் எழுத்தாளர்கள் தங்கள் மூலத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் சுத்தம்! ஆனால் வெளியே போன சரக்கில் நஞ்சு. அதன்மேல் நிறுவனத்தின் உண்மையான முத்திரையும் குத்தப்பட்டிருந்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அந்தச் சரக்கு வெளியே போனது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். அத்தனை பேரையும் திருடர்கள் தொடவில்லை. தேர்ந்தெடுத்த சிலரின் அறைகளுக்குள் மட்டும் நுழைந்தார்கள். அமெரிக்க நிதி இலாகாவும் வர்த்தக இலாகாவும் அவற்றுள் அடங்கும். ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வீட்டிலேயே திருட்டு நடந்ததைக் கண்டு துருவிப் பார்த்தபோதுதான், 2020 டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரிசி நல்ல அரிசி. பருப்பு நல்ல பருப்பு. சமையல்காரரும் நல்லவர். சமையலறையில்தான் திருடன் இருந்தான். நாள்தோறும் அதே அறை, அதே அடுப்பு, அதே மூலை என்பதால், ஒரு முறை நுழைந்தவன் மாதக்கணக்கில் அங்கேயே குடியிருக்க முடிந்தது.

ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு புதிய அறை கட்டி, சமையல் முடிந்ததும் அறையையே இடித்துவிட்டால்? ஒளிந்திருக்க மூலை ஏது? உங்கள் மகன் நாள்தோறும் அழித்து அழித்து உண்டாக்குவது அந்த அறையைத்தான் அம்மா. சோலார்விண்ட்ஸ் நிறுவனமும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வேலை முடிந்ததும் அழிந்துவிடும் கூடங்களில் கட்டி, தனித்தனி இடங்களில் கட்டியதை ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது.

கதவுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து

இயங்குதளப் படிமம் கட்டுவதில் வேறொரு சங்கடமும் உண்டு. சாதாரணக் கடிதம் தட்டுவதற்கோ கணக்குப் போடுவதற்கோ கணினியின் முழு அதிகாரம் தேவையில்லை. ஆனால் படிமம் கட்டும்போது வட்டைப் பிரிவு பிரிவாகப் பகுக்க வேண்டும், அவற்றில் கோப்புமுறை அமைக்க வேண்டும், கணினியைத் துவக்கும் நிரலை முதல் இடத்தில் எழுத வேண்டும், நூற்றுக்கணக்கான மென்பொருள் பொட்டலங்களை அவிழ்த்து அவற்றின் நிறுவல் கட்டளைகளை ஓட்ட வேண்டும். இதற்கெல்லாம் ரூட் எனப்படும் தலைமை அதிகாரம் வேண்டும். பெரிய துரையின் கையிலிருக்கும் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்தாக வேண்டும்.

சாவிக்கொத்தைக் கொடுத்த பிறகு கட்டளை ஒன்று தவறிப்போனால் என்ன ஆகும்? புதிய படிமத்தின் வட்டை அழிப்பதற்குப் பதிலாக, நம் சொந்த வட்டையே அழித்துவிடலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டுரையும் குடும்பப் படங்களும் ஒரு நொடியில் போய்விடும். யாரோ எழுதிய பொட்டலத்துக்குள் கெட்ட கட்டளை இருந்தால், அதுவும் தலைமை அதிகாரத்தோடு ஓடும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். நம் கணினியில் எத்தனையோ பழைய மென்பொருள், சொந்த அமைப்பு, ரகசிய எண் எல்லாம் இருக்கின்றன. அதிலேயே உட்கார்ந்து படிமம் கட்டினால், இவற்றில் சில நமக்குத் தெரியாமலே படிமத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். நாம் கட்டும்போது நன்றாக வரும் படிமம், பக்கத்து வீட்டுத் தம்பி கட்டும்போது வேறு மாதிரி வரும். ஏன் என்று இருவருக்கும் புரியாது.

ஆகவே தடுப்பு இரு பக்கமும் வேண்டும். வேலை, வீட்டைக் கெடுக்கக் கூடாது. வீடு, வேலையைக் கெடுக்கக் கூடாது.

இப்படிப்பட்ட தடுப்பின் அருமை ரப்பர் தொழிலுக்குத் தெரியும். ஹென்றி ஃபோர்ட் 1928-இல் பிரேசில் நாட்டுக் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெரும் ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் மரங்களைத் தாக்கியது. 1945-இல் அந்தத் தோட்டத்தைக் கைவிட்டுப் போனார்கள். அந்த நோய் நம் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, 1956-இல் தென்கிழக்காசிய, பசிபிக் நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், அப்பகுதியிலிருந்து வரும் ரப்பர் கன்றுகளுக்கும் விதைகளுக்கும் தனிக் கட்டுப்பாடு விதித்தார்கள். நேரே தோட்டத்துக்குள் கொண்டுவராதே, இடையில் தனிமையில் வைத்துப் பார்த்த பிறகே கொண்டுவா என்பது அதன் சாரம். கணினி உலகத்திலும் அத்தகைய தனி நாற்றுமேடை வேண்டியிருக்கிறது.

உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பது தெரியாது

அந்த நாற்றுமேடைதான் மெய்நிகர் கணினி. வெர்ச்சுவல் மெஷின் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

இது ஒரு மென்பொருள். "இதோ உனக்கு ஒரு செயலி, இதோ நினைவகம், இதோ வட்டு" என்று தன் உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குக் காட்டும். உள்ளே இருப்பது, தான் ஒரு முழுக் கணினியில் ஓடுவதாகவே நம்பும். உண்மையில் அதன் வட்டு என்பது வெளிக் கணினியில் உள்ள ஒரு கோப்பு. உள்ளே இருப்பவர் "வட்டு முழுவதையும் அழித்துவிட்டேன்" என்று சொன்னால், வெளியே அந்த ஒரு கோப்பு மட்டுமே வெறுமையாகும். வீட்டுப் படங்களும் கட்டுரைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த தன் ஆய்வுக் கூடத்தில், ஒரே பெரிய கணினியைப் பலருக்கும் தனித்தனிக் கணினிபோலக் காட்டும் முறையை உருவாக்கியது. 1972-இல் அதை வி.எம். 370 என்ற பெயரில் வெளியிட்டது. அன்றைக்கு அது அறை நிறைக்கும் இயந்திரங்களுக்கு உரிய வித்தை. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் சாதாரணக் கணினிச் செயலிகளிலேயே இதற்கான வசதியை வைத்தன. 2007-இல் கே.வி.எம். என்ற பகுதி லினக்ஸோடு சேர்ந்தது. அதன் பிறகு பழைய லேப்டாப்பிலும், உள்ளே இருக்கும் கணினி ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுவது எளிதாயிற்று. அந்த வசதி இல்லாவிட்டால், பெரும்பாலும் கட்டளைகளை மென்பொருளே நடித்துக் காட்ட வேண்டியிருக்கும். வேலை பல மடங்கு தாமதமாகும்.

கட்டும் முறை

இனி அந்த மகன் இரவில் செய்வது என்ன என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு செய்முறைத் தாள் எழுதுகிறான். எந்தெந்தப் பொட்டலங்கள் வேண்டும், வட்டு எத்தனை பிரிவு, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, மொழி என்ன, பயனர் பெயர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பலகாரக் குறிப்பு எழுதி வைப்பது போலத்தான். குறிப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இரண்டாவதாக, ஒரு சிறு மெய்நிகர் கணினி எழுப்பப்படுகிறது. அதற்குக் கொடுப்பவை மிகக் குறைவு: செய்முறைத் தாள் உள்ள அடைவு, காலியான ஒரு வட்டுக் கோப்பு, கொஞ்சம் நினைவகம். இணையத்தை ஒன்று முற்றாக அறுத்துவிடுவார்கள், அல்லது பொட்டலக் களஞ்சியத்துக்கு மட்டும் வழி விடுவார்கள். ஓப்பன் பில்டு சர்வீஸ் என்ற புகழ்பெற்ற கட்டுமானக் கூடத்தில், வேண்டிய சரக்கை எல்லாம் முன்கூட்டியே எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இணையம் இல்லாமலே கட்டுவது வழக்கம்.

மூன்றாவதாக, அந்த அறைக்குள் முழு அதிகாரத்தோடு வேலை நடக்கிறது. பிரிவுகள் பகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் முத்திரையும் சோதிக்கப்பட்டு, பிறகே அவிழ்க்கப்படுகிறது. துவக்க நிரல் எழுதப்படுகிறது. இங்கே தவறு நடந்தாலும் நாசமாவது அந்த அறை மட்டுமே.

நான்காவதாக, முடிந்த படிமம் ஒரே ஒரு வாசல் வழியாக, ஒரே ஒரு அடைவுக்கு, வெளியே வருகிறது.

ஐந்தாவதாக, அறை அழிக்கப்படுகிறது. நாளைக்கு மீண்டும் புதிதாய் எழும்.

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஐந்தாவது படியின் பொருள் சொல்லாமலே விளங்கும். நேற்றைய பால் ஒட்டியிருக்கும் மங்கைத் துடைக்காமல் இன்றைய பாலை விட்டால், ஸ்டோர் போய்ச் சேருமுன்பே பால் கட்டிவிடும். இன்றைய பாலில் குற்றம் இல்லை. நேற்றைய அழுக்குதான் காரணம்.

இதற்கென்றே இலவசக் கருவிகள் இருக்கின்றன. டெபாஸ் என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியையே அடிப்படையாக வைத்து ஒரு சிறு மெய்நிகர் கணினியை எழுப்பி, அதற்குள் டெபியன் வகைப் படிமங்களைக் கட்டும். கிவி என்ற கருவியிலோ, முன்பே தயாரித்து வைத்த ஒரு பெட்டியை இறக்கி, அதற்குள் கட்டும் வழி உண்டு. வெளிக் கணினி எதுவாக இருந்தாலும் பெட்டி மாறாது என்பது இரண்டாவதன் நயம்.

கைரேகை ஒத்துப்போக வேண்டும்

இத்தனை பாடும் எதற்கு? "என்னை நம்புங்கள்" என்று சொல்லாமல், "நீங்களே செய்து பாருங்கள்" என்று சொல்வதற்கு.

டெயில்ஸ் என்ற இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு யு.எஸ்.பி. குச்சியில் அடங்கிவிடும். பெரும்பாலான கணினிகளில் செருகினால் ஓடும், நிறுத்தியதும் தடயம் விடாமல் போய்விடும். உயிருக்கு அஞ்சிச் செய்தி அனுப்பும் பத்திரிகையாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, இந்தப் படிமத்தைக் கட்டியவர் கணினியில் திருடன் இருந்தானா என்பது சாதாரணக் கேள்வியா?

டெயில்ஸ் குழுவினர் படிமத்தை ஒரு மெய்நிகர் கணினிக்குள்தான் கட்டுகிறார்கள். அந்த மெய்நிகர் கணினியை எழுப்பும் செய்முறையையும் ஊரறிய வெளியிட்டிருக்கிறார்கள். 2017 நவம்பரில் வந்த 3.3-ஆம் பதிப்பு முதல், அந்தச் செய்முறையைப் பின்பற்றி உலகில் யார் கட்டினாலும், ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதே படிமம் வரும்படி செய்தார்கள். பத்துப் பேர் பத்து நாட்டில் கட்டி ஒப்பிட்டால், ஒருவர் வீட்டுத் திருடன் உடனே அகப்பட்டுக்கொள்வான். பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே திருட்டைச் செய்வது எளிதன்று அல்லவா?

ஒப்பிடுவதற்கு ஒரு கைரேகை உண்டு. எஸ்.எச்.ஏ. 256 என்ற கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதை 64 எழுத்துள்ள ஒரு வரிசையாகச் சுருக்கிவிடும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுவதும் தலைகீழாக மாறிவிடும்.

ஆனால் இரண்டு முறை கட்டினால் ஒரே கைரேகை வருவது நினைப்பதுபோல் எளிதன்று. ஒவ்வொரு கோப்பிலும் அது பிறந்த நேரம் பதிவாகிறது. ஜாதகம் மாறினால் கைரேகையும் மாறுமே! ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே பிறந்த நேரத்தைக் குறித்துவிடுகிறார்கள். கோப்புகளை வரிசைப்படுத்தும் முறை கணினிக்குக் கணினி வேறுபடும். அதற்கும் ஒரே ஒழுங்கு வைக்கிறார்கள். களஞ்சியத்தில் நாளுக்கு நாள் பொட்டலங்கள் புதுப்பிக்கப்படும். ஆகையால் குறிப்பிட்ட ஒரு தேதியில் களஞ்சியம் எப்படி இருந்ததோ அதன் நகலிலிருந்து மட்டுமே எடுக்கிறார்கள். அறை தனிமையாக, ஒரே மாதிரியாக இருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். திறந்த வீட்டில் கட்டினால் ஒவ்வொரு வீட்டு வாசனையும் ஒட்டிக்கொள்ளும்.

அறை மட்டும் போதுமா?

போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதி உண்மை முழுப் பொய்யைவிடப் பொல்லாதது.

2024 மார்ச் மாதம், எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளில் ஒரு கள்ளவாசல் கண்டுபிடிக்கப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருள் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. அதைப் பராமரித்தவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், புனைபெயரில், 2021 முதல் நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் நஞ்சைக் கலந்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதால் அது வெளிப்பட்டது. அரை வினாடி! அவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் இன்று என்னவாகியிருக்கும்?

இங்கே சமையலறை சுத்தம். அரிசியிலேயே நஞ்சு. எவ்வளவு தனிமையான அறையில் பொங்கினாலும் அந்தச் சோறு நஞ்சுச் சோறுதான்.

அறையின் சுவரும் இரும்பன்று. 2015-இல் வெனம் என்று பெயரிடப்பட்ட ஓட்டை ஒன்று கியூ.இ.எம்.யு. என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் வெளிப்பட்டது. பழைய ஃபிளாப்பி வட்டைக் கையாளும் பகுதியில், 2004 முதல் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்த குறை அது. உள்ளே இருப்பவன் அதன் வழியே வெளியே வர இடமிருந்தது. ஆகவே சுவரையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே, யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் வெளியான தமது டியூரிங் பரிசு உரையில், மென்பொருளைத் தொகுக்கும் கருவிக்குள்ளேயே நஞ்சை ஒளிக்க முடியும் என்று காட்டிவிட்டார். மூலத்தைப் படித்துப் பார்த்தாலும் அகப்படாத நஞ்சு அது. நாமே முழுவதும் உருவாக்காத எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை என்பது அவருடைய முடிவு.

ஆகவே தனிமையான அறை ஒரு காவல். பொட்டலங்களின் முத்திரையைச் சோதிப்பது இன்னொரு காவல். பலர் கட்டி ஒப்பிடுவது மூன்றாவது காவல். அரை வினாடியையும் அலட்சியப்படுத்தாத மனிதக் கண் நான்காவது. ஒரு நாய் தூங்கினாலும் இன்னொரு நாய் குரைக்கும்.

நம் வீட்டுக்கு என்ன சேதி?

"அமெரிக்காவில் நடந்ததற்கும் எங்கள் லயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் நெருக்கமானது.

பிள்ளையின் படிப்புக்காகப் பழைய லேப்டாப் வாங்குகிறோம். கடைக்காரர் ஒரு குச்சியைச் செருகி, காசில்லாத விண்டோஸ் என்று எதையோ ஏற்றித் தருகிறார். அந்தப் படிமத்தை யார் கட்டினார்? எந்த அறையில் கட்டினார்? உரிமம் இல்லாமல் இயங்க வைக்கும் திருட்டுக் கருவிகளோடு உளவு நிரல்கள் சேர்ந்து வருவது பலமுறை கண்ட உண்மை. அதே லேப்டாப்பில்தான் பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், உதவித்தொகைக்கு அடையாள அட்டை எண்ணைத் தட்டுகிறோம். மழை நாளில் வேலையில்லாமல், கிடைத்த நாளில் உழைத்துச் சேர்த்த வெள்ளி அங்கேதான் இருக்கிறது.

ஆகவே மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று: இயங்குதளத்தை உருவாக்கியவரின் சொந்த இடத்திலிருந்தே எடுங்கள். பணம் கொடுத்து வாங்க இயலாவிட்டால் திருட்டுச் சரக்கை நாட வேண்டாம். டெபியன், உபுண்டு போன்றவை சட்டப்படியே இலவசம். பழைய கணினியிலும் ஓடக்கூடிய வகைகள் அவற்றில் உண்டு.

இரண்டு: இறக்கிய கோப்பின் கைரேகையை ஒப்பிடச் சொல்லுங்கள். முடிந்தால் முத்திரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற நல்ல இயங்குதளத்தின் இணையத்தளத்துக்குள் திருடர்கள் புகுந்து, இறக்கும் இணைப்பை நஞ்சு கலந்த படிமத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். வாசலையே மாற்றியவன் வாசலில் தொங்கும் கைரேகையையும் மாற்றலாம் அல்லவா? ஆகையால் உருவாக்கியவரின் முத்திரையைச் சோதிப்பதே உறுதி. பிள்ளைகளுக்கு இது பத்து நிமிட வேலை.

மூன்று: சமூக மண்டபத்திலோ வாசகசாலையிலோ பிள்ளைகளுக்காகப் பத்துப் பழைய கணினிகளைச் சேர்த்து வைத்திருக்கும் தோட்டங்கள் இருந்தால், அங்குள்ள இளைஞர்கள் இந்த வேலையைத் தாங்களே கற்றுக்கொள்ளலாம். ஒரு செய்முறைத் தாள், தனிமையான ஒரு மெய்நிகர் கணினி, அதிலிருந்து ஒரு தூய படிமம், பிறகு பத்திலும் ஏற்றம். ஒரு கணினி கெட்டால் பழுது பார்க்க ஆளைத் தேட வேண்டாம், படிமத்தைத் திரும்ப ஏற்றினால் போதும். எட்டு கிகாபைட் நினைவகம் உள்ள ஒரு கணினி இருந்தாலே பழக ஆரம்பிக்கலாம். கருவிகளுக்குக் காசு இல்லை.

இன்னும் ஒன்று. கணினி நிறுவனங்கள் இன்று வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நிரல் எழுதத் தெரியுமா என்று மட்டும் பார்ப்பதில்லை. எழுதியதைப் பாதுகாப்பாகத் தொகுத்து, படிமமாக்கி, ஆயிரம் இயந்திரங்களுக்கு அனுப்பத் தெரியுமா என்றும் பார்க்கிறார்கள். சான்றிதழ்க் கட்டணம் கட்டிக் கற்க வேண்டிய இந்த வித்தையை, ஒரு பழைய லேப்டாப்பில், லயத்து வீட்டு விளக்கின் கீழ் ஒரு பிள்ளை தானாகவே பழகுகிறான் என்றால், பெற்றவர்கள் கவலைப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. இராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருப்பதை மட்டும் கண்டியுங்கள். பத்து மணிக்குப் படுத்து விடியற்காலையில் எழுந்து கட்டினாலும் படிமம் அதேதான் வரும்.

தோழர்களே, பத்துப் பேர் சாப்பிடும் பந்தியில், சமைத்த இடத்தைப் பார்த்துவிட்டு இலை போடுவது நம் பெரியவர்கள் பழக்கம். கணினி வந்த காலத்திலும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். பிள்ளைகளிடம் கேளுங்கள்: "இது எங்கே கட்டியது? யார் சோதித்தார்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை ஏமாற மாட்டான், பிறரையும் ஏமாற விடமாட்டான்.